வாசலில் நின்ற குழந்தைகள்

சென்ற மாதம் என் பேரனுக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தது. காலையில் பள்ளிக்கூடம் போனவன், பதினோரு மணிக்கெல்லாம் சிவந்த கண்ணோடும் கையில் ஒரு சீட்டோடும் திரும்பி வந்து நின்றான். 'கண் குணமான பிறகு அனுப்பவும்' என்று சீட்டில் கண்டிருந்தது. எங்களுக்குக் கோபம் வரவில்லை. ஒரு குழந்தைக்கு நாலு நாள் பாடம் போகிறதே என்று நாற்பது குழந்தைகளின் கண்ணைக் கெடுப்பது நியாயமா? மருந்து வாங்கி வந்தோம். ஐந்தாம் நாள் பையன் பள்ளிக்கூடம் போய்விட்டான்.

அந்த நாட்களில் நான் ஒரு பழைய புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். லில்லியன் வால்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1915-ல் வெளியிட்டது. அவர் ஒரு நர்ஸ். நியூயார்க் நகரத்தில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் குடியேறி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவர்.

அங்கே அவர் ஒரு பையனைச் சந்தித்தார். வயது பன்னிரண்டு. அதுவரை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. காரணம், தலையிலே புண். போகும்போதெல்லாம் உபாத்தியாயர் திருப்பி அனுப்பிவிடுவார். பையன் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. களிம்பும் கிடைத்தது. அதைத் தடவும் விதத்தைத்தான் யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. வால்ட் முறையாகத் தடவினார், புண் ஆறிற்று. செப்டம்பரில் பையன் பள்ளியில் சேர்ந்தான். மறுநாள் மத்தியானமே ஐந்து மாடி ஏறி ஓடி வந்து, அன்று காலையில் கற்ற சொற்களை அவரிடம் எழுத்துக் கூட்டிச் சொல்லிக் காட்டினானாம்!

பள்ளிக்கூடம் செய்ததைத் தவறென்று சொல்லிவிட முடியாது. அது தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம். பாஸ்டன் நகரத்தில் அந்த நோய் பரவியபின், 1894-ல் பள்ளிக்கூடங்களைச் சோதிக்க ஐம்பது டாக்டர்களை நியமித்தார்கள். 1897-ல் நியூயார்க்கும் நூற்றைம்பது டாக்டர்களை அமர்த்தியது என்று வால்ட் எழுதுகிறார். தினம் ஒரு மணி நேர வேலை. மாதம் முப்பது டாலர் சம்பளம். நோயுள்ள குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டும், வெளியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். வைத்தியம் செய்வது அவர்கள் வேலை அல்ல.

1902-ல் சோதனை கடுமையாயிற்று. பார்வையையே பறித்துவிடக்கூடிய டிரக்கோமா என்ற கண் நோய், படர்தாமரை, சொறி, தலைப்பேன் என்று ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துக் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கதை எழுதுகிறவன் இங்கே ஒரு சௌகரியமான முற்றுப்புள்ளி வைத்துவிடுவான். கதவு மூடிற்று, நோய் வெளியே போயிற்று. ஆனால் வெளியே போன குழந்தை எங்கே போயிற்று?

தெருவுக்குப் போயிற்று. கையிலிருந்த சீட்டைப் பெற்றோர் பலரால் படிக்க முடியவில்லை. அவர்கள் ருஷ்யாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். மாலையில் பள்ளி விட்டதும் பழைய தோழர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். விளையாட்டும் நடக்கும், நோயும் பரவும். பாடம் மட்டும் நின்றது. நோய் நிற்கவில்லை!

வால்ட் ஒரு யோசனை சொன்னார். 'என் நர்ஸ் ஒருத்தியைத் தருகிறேன், ஒரு மாதம் பாருங்கள்' என்றார். 1902 அக்டோபர் முதல் தேதி லினா ராஜர்ஸ் என்ற கனடா நாட்டு நர்ஸ் வேலையை ஏற்றாள். நாலு பள்ளிக்கூடங்கள், ஏறக்குறைய 10,000 குழந்தைகள், ஒருத்தி! தலைப்பேனுக்கு மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சம அளவில் கலந்து தடவச் சொன்னாள். படர்தாமரையை மருந்துச் சோப்பால் கழுவி மேலே பூச்சிட்டு மூடினாள். சில்லறை நோயுள்ள குழந்தைகள் மருந்து போட்டுக்கொண்டு வகுப்புக்கே திரும்பின. வராத குழந்தைகளைத் தேடி அவள் மாடிப்படி ஏறினாள். சீட்டிலே இருந்ததைத் தாய்க்கு வாயால் விளக்கினாள். முதல் மாதத்தில் அவள் ஏறி இறங்கிய வீடுகள் 137.

நகரசபை கண் திறந்தது. நர்ஸுகளுக்காக 30,000 டாலர் ஒதுக்கிற்று. ஒரு செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் 10,567. அடுத்த வருஷம் அதே மாதத்தில் 1,101. தொண்டை அடைப்பான் போன்ற கொடிய நோய்களுக்குக் கதவு மூடியேதான் இருந்தது, மூடத்தான் வேண்டும். ஆனால் மூடிய கதவுக்கு வெளியே, குழந்தையின் பின்னால் போக இப்போது ஒருத்தி இருந்தாள்.

புத்தகத்தை மூடி வைத்தபோது, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் நினைவு வந்தது. அவளுடைய பெண்ணையும் சிரங்கு என்று பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டதாக அவள் என்றோ சொன்ன ஞாபகம்.

"உன் பெண் பள்ளிக்கூடம் போகிறாளா அம்மா?" என்று மறுநாள் கேட்டேன்.

"எங்கே ஐயா? மூணு வாரம் ஆச்சு. ஏதோ களிம்பு கொடுத்தாங்க, தடவிக்கிட்டுத்தான் இருக்கா. சின்னவனுக்கும் இப்போ வந்திருக்கு" என்றாள்.

என் பேரனுக்கு ஐந்து நாள். இந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம். இரண்டு பேரையும் அனுப்பிய சட்டம் ஒன்றுதான். அன்று மாலை குழந்தைகள் இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனோம். வீட்டில் எல்லோருமே ஒரே சமயத்தில் மருந்து தடவிக்கொள்ள வேண்டுமாம், துணிமணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டுமாம். அதைச் சொல்ல டாக்டருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.