கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தொழில்: போருக்குப் பின் 40 ஆண்டுகள்

ஈப்போ, கம்பார், கோப்பெங், பத்து காஜா வட்டாரங்களில் காணப்படும் குட்டைகள் பெரும்பாலும் இயற்கையாக உருவானவை அல்ல; ஈய லம்பங்கள் விட்டுச் சென்ற பள்ளங்கள்.

ஜப்பானியர் ஆட்சியில் முடங்கிய சுரங்கங்கள் 1945-க்குப் பின் மீண்டும் இயங்கத் தொடங்கின. போரால் கடனாளியான பிரிட்டனுக்கு அப்போது அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. அதை ஈட்டித் தந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும்தான். 1950-இல் கொரியப் போர் மூண்டதும் இரண்டின் விலையும் ஒருசேர உயர்ந்தன. தோட்டத்துக்கும் லம்பத்துக்கும் நல்ல காலம் ஒன்றாகத்தான் வந்தது.

கிந்தாவில் இரு வகைச் சுரங்கங்கள் முக்கியமானவை. ஒன்று, ஐரோப்பியக் கம்பெனிகளின் ஈயக் கப்பல். பெருமுதல் தேவைப்படும், ஆள் குறைவு. மற்றொன்று, சீன முதலாளிகளின் பாலோங். நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, சேற்றைப் பம்பு மூலம் உயரமான மரச்சரிவில் ஏற்றுவார்கள். கனமான ஈயத்தாது அடியில் தங்கும். தமிழர்கள் இத்தொழிலில் சிறுபான்மையினரே. ஈயக் கப்பல்களில் இந்தியர்களும் வேலை செய்தனர்.

மண் இங்கே இருந்தாலும் விலை இங்கே நிர்ணயிக்கப்படவில்லை. 1956-இல் நடப்புக்கு வந்த அனைத்துலக ஈய ஒப்பந்தம், விலைக்கு ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் வகுத்தது. விலை சரிந்தால் ஈய மன்றம் வாங்கிச் சேமிக்கும், ஏறினால் விற்கும். அதுவும் போதாதபோது ஏற்றுமதிக்குக் கோட்டா. சோவியத் ஈயம் சந்தையில் குவிந்ததால் 1957 டிசம்பரில் வந்த கோட்டா 1960 வரை நீடித்தது. பல சுரங்கங்கள் மூடப்பட்டன. விலையைக் காப்பாற்றக் கொடுத்த விலை, தொழிலாளியின் வேலை.

1972-இல் மலேசிய உற்பத்தி 76,000 டன்னைத் தாண்டியது. போருக்குப் பிந்தைய உச்சம் அதுவே. பிறகு வளமான நிலம் குறைந்தது. எண்ணெய் விலையேற்றத்தால் பாலோங் பம்புகளின் டீசல் செலவு கூடியது. உலகில் அலுமினிய டின்கள் பெருகின. பிரேசில் மலிவாக ஈயம் தந்தது.

1981-இல் மலேசிய அரசே மாமின்கோ என்ற நிறுவனத்தின் வழி இரகசியமாக ஈயம் வாங்கி விலையை உயர்த்த முயன்றது. அந்தச் சூதாட்டம் பல நூறு மில்லியன் ரிங்கிட் நட்டத்தில் முடிந்தது. 1986-இல் பிரதமர் மகாதீர் அதை ஒப்புக்கொண்டார்.

அதற்குள் பெரிய அடி விழுந்துவிட்டது. 1985 அக்டோபர் 24-ஆம் நாள் ஈய மன்றத்தின் பணம் தீர்ந்தது. இலண்டனில் ஈய வாணிகம் நின்றது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதியானது. செலவுக்கே கட்டாத பாலோங்குகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. கிந்தா இளைஞர்கள் பலர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். ஏற்றுமதி வரியில் மாநிலத்துக்குக் கிடைத்த பங்கும் சுருங்கியது.

1938-இல் கட்டப்பட்டு 1982-இல் ஓய்ந்த டிடி5 ஈயக் கப்பலைத் தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்றும் பார்க்கலாம். அவ்வூர்க் குட்டைகளில் இப்போது இறால் வளர்க்கிறார்கள். ஹுலு பேராக்கின் கிளியான் இந்தானில் ஈயம் தோண்டும் பணி இன்னும் நடக்கிறது.