காதில் சீழ் வடிதல்

காதில் சீழ் வடிதல் தனியொரு நோயன்று. புறச்செவியிலோ நடுச்செவியிலோ கிருமி தொற்றியதன் அடையாளம். எந்த இடம் என்பதைப் பொறுத்தே மருந்து.

காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரையுள்ள சுமார் 2.5 செ.மீ. குழாயில் வருவது புறச்செவித் தொற்று. சென்னை–கூடூர் ரயில் பாதையில் தமிழகத்தின் கடைசி நிலையமான ஆரம்பாக்கத்தில் இதற்கு வேண்டியதெல்லாம் உண்டு: பழவேற்காடு ஏரிப் பக்கத்துப் புழுக்கம், குளத்துக் குளியல், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் இரைச்சலுக்காக அழுக்குக் கையோடு செருகிக்கொள்ளும் காதடைப்பான். போதாக்குறைக்கு ஊக்கும் தீக்குச்சியும் பட்ஸும். காது மடலைத் தொட்டு இழுத்தாலே உயிர் போகும் என்றால் பெரும்பாலும் இதுதான். வலியைவிட அரிப்பு மிகுந்து, நனைந்த காகிதத்தில் கரும்புள்ளி தூவியது போன்ற கசடு தெரிந்தால் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து உதவாது. சர்க்கரை நோயாளிக்குக் காதுவலி தூங்கவிடாத அளவுக்குப் போனால் தாமதிக்கக் கூடாது. தொற்று எலும்புக்குள் இறங்கக்கூடும்.

நடுச்செவித் தொற்று பெரும்பாலும் குழந்தைகளுக்குச் சளியின் தொடர்ச்சியாக வருவது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் அவர்களுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் கிருமி எளிதில் ஏறுகிறது. நள்ளிரவில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும். பாராசிட்டமால் கொடுத்துக் கவனித்தால் பலருக்கு இரண்டு மூன்று நாளில் தணியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை மட்டும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில நேரம் செவிப்பறை கிழிந்து சீழ் வெளியேறியதும் வலி சட்டென அடங்கிவிடும். ஏமாறுவது இங்கேதான். வலி இல்லை, ஆகவே நோய் இல்லை என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் நீடித்தால் அதை நாள்பட்ட நடுச்செவி அழற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதனால் காது மந்தமாகலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குத் திமிர் என்று பட்டம் கட்டுமுன் காதைப் பார்ப்பது நல்லது.

நாள்பட்ட சீழுக்கு முதல் வைத்தியம் காதை உலர வைப்பது. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டி மெல்ல வைத்து, ஊறியதும் எடுத்து வேறு திரி மாற்ற வேண்டும். திரி உலர்ந்து வந்த பிறகே சொட்டு மருந்து. குப்பியை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்திவைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். குளிர்ந்த சொட்டு தலைசுற்ற வைக்கும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் காதை அடைக்கலாம். பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஜென்டாமைசின் சொட்டு, ஓட்டை விழுந்த செவிப்பறை வழியே போனால் உட்செவியைக் கெடுக்கலாம். ஓட்டை மூடாவிட்டால் அறுவை சிகிச்சையில் சவ்வு ஒட்டுவார்கள்.

2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு தேடும் குறைபாடுகளில் நடுச்செவி அழற்சியும் ஒன்று. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதத்தில் இலவசமாகப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசி இத்தொற்றையும் ஓரளவு தடுக்கும்.

காதின் பின்புறம் வீங்குதல், முகம் கோணுதல், தலைசுற்றல், காய்ச்சலோடு கடும் தலைவலி ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆரம்பாக்கத்தில், சூலூர்பேட்டையிலிருந்து வரும் மின்ரயிலில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு.