நைல் நதியின் தூணும் ஒரு முஅத்தினின் கணக்கும்



சூரா யூசுஃபைப் பாடம் நடத்துகையில், மன்னர் கண்ட கனவு வரும் இடத்தில் மாணவர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி எழும். "ஓராண்டு விளைச்சல் பொய்க்கலாம், ஈராண்டு பொய்க்கலாம், ஏழாண்டும் தொடர்ந்து எப்படி உஸ்தாத் பொய்க்கும்?" அல்லாஹ் நாடினான் என்பது முதல் விடை, முஃமினுக்கு அதுவே போதுமானது. ஆயினும் அதே எகிப்து மண்ணில் நம் முன்னோர் ஆண்டு தவறாமல் எழுதி வைத்த ஒரு கணக்கு, இக்கேள்விக்கு வேறொரு வழியிலும் விடை தருகிறது.

கெய்ரோ நகரில், நைல் நதியின் நடுவே ரவ்ளா என்றொரு தீவு இருக்கிறது. அதன் தென்முனையில் கல்லால் கட்டப்பட்ட ஆழமான கிணறு ஒன்றும், அதன் நடுவே எண்கோண வடிவப் பளிங்குத் தூண் ஒன்றும் உள்ளன. அரபியில் இதற்கு 'மிக்யாஸ்' என்று பெயர். அளவுகோல் என்பது பொருள். ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் ஆட்சியில் இது எழுப்பப்பட்டது. ஆற்று நீர் மூன்று சுரங்க வழிகளால் கிணற்றுக்குள் வந்து, ஆற்றின் மட்டத்திற்கே நிற்கும். தூணில் முழக் கோடுகளும், முழத்திற்குள் விரற்கடைக் கோடுகளும் உண்டு. ஒரு முழம் சுமார் 54 சென்டிமீட்டர். நீரையும் விளைச்சலையும் குறித்த திருக்குர்ஆன் வசனங்கள் கிணற்றின் சுவர்களில் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

கட்டுமானத்திற்குப் பொறுப்பேற்றவர் வானியல் அறிஞர் அல்ஃபர்கானி. இவருடைய வானியல் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. இவரே இராக்கில் வெட்டிய ஒரு கால்வாய் மட்டக் கணக்குப் பிழையால் ஓடாமற்போனது என்று வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். கால்வாயில் தோற்றவரின் தூண் பதினொரு நூற்றாண்டு கடந்தும் நிற்பது வியப்புத்தான்.

இத்தூண் அளந்தது ஆற்றை மட்டுமல்ல. எகிப்தில் மழை மிகவும் அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எத்தியோப்பிய மலைநாட்டில் கொட்டும் பருவமழையே நைலின் பெருக்காக வந்து சேர்கிறது. குடகில் பெய்த மழையைத் தஞ்சை விவசாயி காவிரியில் காண்பதுபோல, பல நூறு மைல்களுக்கு அப்பால் பெய்த மழையைக் கெய்ரோ மக்கள் இத்தூணில் கண்டனர். காற்றும் கடலும் ஓர் ஆண்டில் எப்படி நடந்துகொண்டன என்பதற்கான சாட்சி அந்த முழக் கணக்கிலேயே இருந்தது.

பெருக்கு 16 முழத்தைத் தொட்டால் நிலவரி முழுமையாகக் கடமையாகும். நகரின் கால்வாய்க் கரை வெட்டித் திறக்கப்படும். தூணுக்குக் குங்குமப்பூவும் கஸ்தூரியும் பூசுவார்கள். அதற்குக் குறைந்தால் பசி, மிகவும் மிஞ்சினால் வெள்ளம்.

அளந்து சொல்லும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதே என் மனத்தை அதிகம் ஈர்க்கும் செய்தி. அபூ ரத்தாத் அப்துல்லாஹ் இப்னு அப்திஸ்ஸலாம் என்ற பஸராவைச் சேர்ந்த முஅத்தின் அதற்கு நியமிக்கப்பட்டார். அவருக்கு மாதம் ஏழு தீனார் ஊதியம். தொழுகை நேரத்தைப் பேணி அறிவித்த மனிதரிடமே ஆற்றின் அளவையும் ஒப்படைத்தார்கள், இரண்டும் அமானத்தல்லவா! அவருக்குப் பிறகு அவருடைய சந்ததியினர் அப்பணியைத் தொடர்ந்தனர். நானூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த இப்னு கல்லிகான், தம் காலத்திலும் அது அக்குடும்பத்தாரிடமே இருந்ததாகப் பதிவு செய்கிறார்.

பெருக்குக் காலத்தில் அன்றாடம் எத்தனை விரற்கடை ஏறியது என்பதை அறிவிப்பாளர்கள் தெருத்தெருவாகக் கூவிச் சொல்வது வழக்கம். ஆறு ஒரு நாள் ஏறாமல் நின்றுவிட்டால் மக்களின் நெஞ்சு பதறும். உள்ளவர்கள் தானியத்தைப் பதுக்குவார்கள், விலை ஏறும். இதனைக் கண்ட ஃபாத்திமிய மன்னர் முஇஸ், ஹிஜ்ரி 362இல், 16 முழம் நிறையும் வரை அளவைப் பொதுமக்களுக்கு அறிவிக்கக் கூடாது, தமக்கும் தளபதி ஜவ்ஹருக்கும் மட்டுமே தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். இது சிறந்த நிர்வாகம் என்று மக்ரீஸி பாராட்டுகிறார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது பதுக்குபவனை. இங்கு வாய் மூடப்பட்டதோ அறிவிப்பவனுக்கு. மறைத்துவிட்டால் பீதி தணியலாம். ஆனால் நேர்மையான ஏழை தன் வீட்டுக்கு இரண்டு மூட்டை முன்கூட்டி வாங்கி வைக்கும் வாய்ப்பும் அவனை விட்டுப் போகிறது. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கூவுவதுதான் தடுக்கப்பட்டது, அளப்பது நிறுத்தப்படவில்லை.

ஹிஜ்ரி 596இல் (கி.பி. 1200) பெருக்கு 12 முழம் 21 விரற்கடையோடு நின்றுவிட்டது. அப்போது எகிப்தில் இருந்த பக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், பெருக்கு வருவதற்கு முன்பே ஆற்று நீர் பச்சை நிறமாகி நாற்றமடித்ததைக் கவனித்து, அதைக் காய்ச்சிப் பார்த்து எழுதியுள்ளார். அடுத்து வந்த பஞ்சத்தைப் பற்றி அவர் எழுதியவற்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட இயலாது. இதற்கு முன்னர், முஸ்தன்ஸிரின் ஆட்சியில் கி.பி. 1065 முதல் 1072 வரை நீடித்த பெரும்பஞ்சமும் ஏறத்தாழ ஏழாண்டுதான். அதில் ஆற்றின் குறைவோடு படையினரின் உள்நாட்டுச் சண்டையும் சேர்ந்துகொண்டது. பஞ்சங்களை ஆராய்ந்து தனி நூல் எழுதிய மக்ரீஸியும் ஆட்சியாளர்களின் சீர்கேட்டையே முதன்மைக் காரணமாகச் சொல்கிறார்.

இந்த அளவுகளெல்லாம் நமக்குக் கிடைத்ததற்கு வரலாற்றாசிரியர்களே காரணம். இப்னு தஃக்ரீ பிர்தீ (மறைவு: கி.பி. 1470) தம் நூலில் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும், யார் யார் மரணித்தார்கள் என்று எழுதிய பின், அவ்வாண்டில் நைலின் தாழ்ந்த மட்டம் எவ்வளவு, உயர்ந்த மட்டம் எவ்வளவு என்று சலிக்காமல் குறித்துச் செல்கிறார். வாசிப்பவனுக்கு அலுப்பூட்டும் வரிகள்! 1925இல் எகிப்திய இளவரசர் உமர் தூஸூன் அவற்றைத் திரட்டி வெளியிட்டார். இக்கணக்கில் குறைகளும் உண்டு. வண்டல் படிந்து ஆற்றுப்படுகை உயர்ந்ததால் பிற்காலத்து 16 முழம் முற்காலத்து 16 முழத்திற்குச் சமமல்ல. நடுவில் விடுபட்ட ஆண்டுகளும் உள்ளன. எனினும் கி.பி. 622 முதல் 1284 வரையிலான 663 ஆண்டுகளின் தாழ்ந்த மட்ட வரிசை இன்றும் உலகெங்கும் புள்ளியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

அதைப் பாடமாக்கியவர்களுள் முதன்மையானவர் ஹெரால்ட் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர். 1906 முதல் எகிப்தில் பணியாற்றிய இவர், நைலில் எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் தேவை என்று கணக்கிட இப்பதிவுகளை எடுத்துக்கொண்டார். 1951இல் அவர் வெளியிட்ட முடிவு: நல்ல ஆண்டுகளும் கெட்ட ஆண்டுகளும் நாணயம் சுண்டியதுபோல மாறி மாறி வருவதில்லை, தாழ்ந்த ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன, நிறைந்த ஆண்டுகளும் அவ்வாறே. 1968இல் மாண்டல்பிராட், வாலிஸ் என்ற இரு அறிஞர்கள் இத்தன்மைக்கு 'யோசேப்பு விளைவு' என்று பெயரிட்டனர். நாம் யூசுஃப் (அலை) என்றழைக்கும் நபியின் பெயர்தான் அது. குர்ஆனை மெய்ப்பிக்க ஹர்ஸ்ட் தேவை என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஈமான் அவருக்காகக் காத்திருக்கவுமில்லை. மாணவனின் கேள்விக்கு ஒரு முஅத்தினின் குடும்பம் அளந்த அளவுகளிலிருந்து விடை கிடைத்ததே எனக்கு மகிழ்ச்சி.

1877இல் நைலின் பெருக்கு மிகவும் தாழ்ந்துபோனது. நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்று நடுக்கத்தோடு சொன்ன காலமும் 1876 முதல் 1878 வரைதான். பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் 'எல் நினோ' ஆண்டுகளில் எத்தியோப்பிய மழையும் நம் நாட்டுத் தென்மேற்குப் பருவமழையும் தளர்வது உண்டு என்று இப்போது அறிகிறோம். ரவ்ளாத் தீவின் தூணில் நீர் இறங்கியபோது, அதே கடலின் மாற்றத்தால் சென்னை மாகாணத்திலும் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. ஆனால் இரு தேசத்து மக்களுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

1970இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்பட்ட பின் கெய்ரோவில் நைலின் பெருக்கு நின்றுவிட்டது. தூணுக்கு நீர் கொணர்ந்த சுரங்க வழிகளும் இன்று அடைக்கப்பட்டுள்ளன. எனவே, அங்கு செல்பவர்கள் படிகளில் இறங்கிக் கிணற்றின் அடிவரை போய் முழக் கோடுகளை அருகில் நின்றே பார்க்கலாம்.