அலகநந்தையும் அதன் வனங்களும்

வதரியாசிரமத்துக்கு மேலே பனிமலையில் உற்பவித்து, தேவப்பிரயாகையில் பாகீரதியோடு கலந்து கங்கையென்னும் திருநாமம் பெறும் அலகநந்தையை, ஆழ்வார்களின் மங்களாசாஸனத்தால் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஆயினும் அந்நதியின் இருமருங்கிலும் மலைச்சரிவுகளில் வாழும் குடியானவர்கள் தங்கள் வனங்களுக்காக நடத்திய நீண்ட போராட்டத்தின் சரித்திரத்தை நம்மில் அறிந்தவர் சிலரே.

அச்சரித்திரத்தில் 1893-ஆம் ஆண்டு மறக்கத்தகாதது. கட்வால், குமாவுன் மலைநாடுகளில் அளவை செய்யப்படாத நிலம் யாவும் சர்க்காரின் பாதுகாப்பு வனமென்று அவ்வாண்டில் பிரகடனம் செய்யப்பட்டது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழைக்கும் வழிவழியாகச் சென்றுவந்த காடு, ஓர் உத்தரவினால் பிறர் உடைமையாயிற்று. அதே ஆண்டில் கோனா என்ற கிராமத்தருகே மலை சரிந்து, அலகநந்தையின் உபநதியாகிய பிரஹி கங்கையை மறித்துப் பெரியதோர் ஏரியைத் தோற்றுவித்தது. அதிகாரிகள் அங்கே காவலிருந்து, தந்திக் கம்பி இழுத்து, கீழேயுள்ள ஊர்களின் ஜனங்களை முன்கூட்டியே மேட்டுக்கு அப்புறப்படுத்தியிருந்தபடியால், 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்து கட்வாலின் ஸ்ரீநகரம் என்னும் பழம்பதி அடித்துச் செல்லப்பட்டபோதும், எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்ற ஒரு பக்கிரியின் குடும்பத்தார் தவிர எவரும் மாண்டிலர். ஆற்றின் அபாயத்தை அத்தனை நுட்பமாகக் கணித்த ஆட்சி, குடிகளைக் காட்டினின்று பிரிப்பதில் உள்ள அபாயத்தை உணராமற்போனது பெருந்துயரம்.

1911 முதல் 1917 வரை ரிசர்வ் காடுகள் மேலும் விரிந்தன. அதற்கு எதிர்ப்பாக 1921-இல் குமாவுனில் பைன் காடுகள் தீக்கிரையாக்கப்பட்டன. கிராமத்தார் தாமே தெரிந்தெடுத்த சபைகள் காட்டைப் பரிபாலிக்க இடந்தரும் வனப் பஞ்சாயத்து விதிகள் 1931-இல் வந்தன. எனினும் 1962 சீனப் போருக்குப் பின் எல்லைப்புறத்துக்குச் சாலைகள் போடப்பட்டபோது, அவற்றின் வழியே குத்தகைதாரர்களின் கோடாலியும் ஏறிச் சென்றது. 1970 ஜூலையில் பெருமழை கொட்டியபோது, எஞ்சியிருந்த கோனா ஏரியும் உடைந்து, பாலங்களும் பேருந்துகளும் வெள்ளத்தோடு போயின; ஹரித்துவாரத்துக்குக் கீழே கங்கைக் கால்வாய் வண்டலால் தூர்ந்தது.

வெள்ள நிவாரணத்துக்குச் சென்ற தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கத்தார், சரிவுகள் மொட்டையான இடங்களில் சேதம் மிகுந்திருந்ததைக் கண்டார்கள். சண்டி பிரசாத் பட் 1964-இல் கோபேஷ்வரத்தில் ஸ்தாபித்த அச்சங்கம், நுகத்தடி முதலிய உழவுக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திவந்தது. அதற்கு வேண்டிய, இலேசும் உறுதியுமான ‘அங்கு’ என்னும் மரத்தைக் கேட்டபோது வன இலாகா மறுத்து, நுகத்துக்கு ஒவ்வாத பைனைக் கொள்ளச் சொல்லிற்று. அந்த அங்கு மரங்களையே விளையாட்டுச் சாமான்கள் செய்யும் அலகாபாத் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கிற்று. 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தார் மேளம் கொட்டிக் காட்டுக்குத் திரண்டபோது மரம் வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இவ்வாறு தொடங்கிய, மரங்களைத் தழுவிக் காக்கும் சிப்கோ இயக்கம், மரத்தின்மீது கொண்ட கவித்துவமான பரிவினால் மட்டும் பிறந்ததென்பார் பலர். நுகத்தடிக்கு மரம் கேட்டு மறுக்கப்பட்ட உழவனின் நியாயமே அதன் வித்தென்பது என் துணிபு.

மறு ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், ரேணி கிராமத்து ஆண்கள் நிலத்துக்கான நஷ்டஈடு பெறச் சமோலிக்குப் போயிருந்த சமயம் பார்த்து மரம் வெட்டும் கூலியாட்கள் காட்டுக்குள் புகுந்தார்கள். ஒரு சிறுமி ஓடிவந்து சொல்ல, மகளிர் மங்கள தளத்தின் தலைவியான கௌரா தேவி 27 பெண்களோடும் சிறுமிகளோடும் விரைந்து சென்று, துப்பாக்கி காட்டி மிரட்டியவனுக்கும் அஞ்சாது, இக்காடு எங்கள் தாய்வீடு என்று சொல்லி நின்றார். அன்றிரவு முழுவதும் அப்பெண்கள் அங்கேயே காவலிருந்தார்கள்.

பிற்பாடு சர்க்கார் தாவரவியலறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் நியமித்த குழு, மரம் வெட்டுவதே வெள்ளத்தின் முக்கிய காரணமென்று அறிக்கை தந்ததன் பேரில், மேல் அலகநந்தையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்தாண்டுகளுக்கு வணிக வெட்டு தடுக்கப்பட்டது. சங்கத்தார் அத்தோடு ஓயவில்லை. ஆண்டுதோறும் முகாம்கள் கூட்டி, கால்நடை நுழையாதபடி கல்மதில் எழுப்பி, சரிவுகளில் கன்று நட்டார்கள். பெண்கள் பைனை விரும்பவில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை தந்து, வேரடியில் ஈரம் நிறுத்தும் பாஞ்ச் என்ற ஓக் மரத்தையே விரும்பினார்கள்.