நீம் என்னும் பழம்பதி

பிரான்சு தேசம் என்றதும் பாரிஸ் மாநகரை நினைப்பதே நம்மவர் வழக்கம். ஆயின் அத்தேசத்தின் தென்பாகத்திலே, மத்தியதரைக் கடலுக்கு அணித்தாக, நீம் என்றொரு பழம்பதி உண்டு. உரோமருடைய கைவண்ணத்தைக் காண விழைவோர் செல்லவேண்டிய இடம் அதுவே.

உரோமர் வருமுன்னரே அங்கு மலையடிவாரத்தில் ஊற்றொன்று இருந்தது. அப்பகுதியில் வாழ்ந்த கோலிய மக்கள் அதனை நெமௌசுஸ் என்னும் தெய்வத்தின் இருப்பிடமாகக் கொண்டு வழிபட்டனர். தீர்த்தம் உள்ள இடத்தே கோயில் எழுவது நமக்குப் புதுமையன்று. தெய்வத்தின் பெயரே ஊருக்குமாகி, நாளடைவில் தேய்ந்து, நீம் என நின்றது. நாட்டைக் கைக்கொண்ட உரோமர் அத்தெய்வத்தை அகற்றினாரல்லர். ஊற்றைச் சூழக் கற்கட்டடங்கள் எழுப்பித் தம் சக்கரவர்த்திக்குரிய வழிபாட்டையும் அதனருகே சேர்த்துவிட்டனர். இது பக்தியோ, அரசியற் சூழ்ச்சியோ எனின், இரண்டும் என்றே யான் கொள்வேன்.

ஒகஸ்தஸ் சக்கரவர்த்தி காலத்தில், கி. மு. 16ஆம் ஆண்டளவில், நகருக்கு மதிலும் வாயில்களும் அமைந்தன. எகிப்து வெற்றியின் நினைவாகப் பனைமரத்திற் சங்கிலியாற் கட்டுண்ட முதலையின் உருவம் இந்நகர் நாணயத்திற் பொறிக்கப்பட்டது. அதுவே இன்றும் நகரின் இலச்சினை. கி. பி. 1ஆம் நூற்றாண்டிலே, ஏறக்குறைய 31 மைல் நீளமான கால்வாயொன்றால் ஊசேஸ் என்னும் ஊரருகேயுள்ள ஊற்றிலிருந்து நீர் கொணரப்பட்டது. அத்துணைத் தூரத்துக்கும் கால்வாயின் சரிவு ஏறத்தாழ 41 அடி மாத்திரமே! கார்டோன் ஆற்றைக் கடக்க மூவடுக்கு வளைவுகளுடன் 160 அடி உயரத்தில் எழுப்பிய பாலம் இன்றும் நிற்கின்றது.

நகரின் நடுவே ‘சதுர இல்லம்’ எனும் பொருள்படும் பெயருடன் ஓர் உரோமக் கோயில் இருக்கின்றது. உண்மையில் அது சதுரமன்று, நீள்சதுரம். அதன் முகப்பிற் பதித்திருந்த வெண்கல எழுத்துக்கள் என்றோ பெயர்க்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை ஆணித் துளைகள் மட்டுமே. 1758ஆம் ஆண்டில், இந்நகரிற் பிறந்த செகியே என்னும் அறிஞர் அத்துளைகளின் அமைப்பை ஆராய்ந்து எழுத்துக்களைக் கண்டுபிடித்தார். ஒகஸ்தஸ் தம் புதல்வராக ஏற்றுக்கொண்ட பேரப்பிள்ளைகளான காயுஸ், லூசியுஸ் இருவருக்கும் ‘இளைஞர் தலைவர்’ என்ற பட்டத்துடன் அக்கோயில் அர்ப்பணிக்கப்பட்டதென்பது அதனால் தெரியவந்தது. பாட்டனுக்குப்பின் அரசாள இருந்த அவ்விருவரும் இளமையிலேயே மாண்டனர். லூசியுஸ் கி. பி. 2இல், 18 வயதில், காயுஸ் கி. பி. 4இல். சாம்ராச்சியம் வேறொருவர் கைக்குச் சென்றது.

அக்கோயில் இன்றளவும் அழியாதிருப்பது எதனால்? மக்கள் அதனைப் போற்றியதனால் என்று எண்ணின் தவறாகும். ஒரு காலத்திற் குதிரைலாயம், பின்னொரு காலத்திற் கிறித்தவ ஆலயம், அப்பாற் பத்திரக் காப்பகம் என ஏதோவொரு பயனுக்கு உதவியமையாலேயே அது தப்பிற்று. ஏறத்தாழ 24,000 பேர் அமர்ந்து காணத்தக்க நீள்வட்ட அரங்கின் கதையும் இதுவே. விசிகோதியர் அதனைக் கோட்டையாக்கினர். பின்னர் அதனுள்ளே வீடுகளும் சிறு ஆலயங்களும் நிறைந்து ஒரு கிராமமே உருவாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் அங்கு எழுநூறு பேரளவில் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் அரங்கு முற்றாக வெறுமையாக்கப்பட்டது.

கற்களைப்பற்றி மகிழ்ந்து கூறுவோர் மக்களைப்பற்றிக் கூறாது விடலாகாது. 16ஆம் நூற்றாண்டில் இந்நகரிற் புரட்டஸ்தாந்தர் வலுப்பெற்றனர். 1567இல் அவர்கள் கத்தோலிக்கர் பலரைக் கொன்றனர். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் புரட்டஸ்தாந்தருக்கிருந்த வழிபாட்டுரிமையை நீக்கவே, அவர்கள் நகர்ப்புறத்துக் காடுமேடுகளில் ஒளித்து வழிபடலாயினர். துன்புறுத்தியோர் துன்புற்றோராகினர் எனச் சொல்லி அமைவது எளிது. ஆனால் 1567இற் கொன்றவர்க்கும் 1685இல் ஒளித்தவர்க்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கிடக்கின்றது. தந்தையரின் பிழைக்குப் பேரர் விடை கூறவேண்டுமா?

அவ்வாறு ஒளித்து வழிபட்ட குடும்பமொன்றிலே 1743இல் நீம் நகரிற் பிறந்தவர் ரபோ சேன்தெத்தியேன். இவர் தந்தையும் மறைவில் வாழ்ந்து போதித்த குரு. 1789ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம், பிரெஞ்சுத் தேசிய சபையிலே எழுந்து, தம்மவர்க்கு வேண்டுவது பிறர் பொறுத்துக்கொள்ளும் சகிப்பன்று, சுதந்திரமே என இவர் வாதாடினார். சகிப்பென்பது வலியார் மெலியார்க்கு இடும் பிச்சையாதலின் அவ்வாறு கேட்டார் போலும். மறுவருடம் அச்சபைக்கே தலைவருமாயினார். புரட்சி அவரையும் விட்டுவைத்ததில்லை. 1793 டிசெம்பரில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

உரோமர் கட்டிய கால்வாய் சில நூற்றாண்டுகளிற் சுண்ணம் படிந்து, பராமரிப்பாரின்றிப் பாழாயிற்று. ஊரவர் மீண்டும் பழைய ஊற்றையே நாடினர். 18ஆம் நூற்றாண்டில் அதனைச் சூழப் பூங்காவொன்று அமைக்கத் தோண்டியபோது உரோமர் காலத்துக் கட்டடங்கள் வெளிப்பட்டன. அப்பூங்காவின் நடுவே, நெமௌசுஸ் தெய்வத்தின் ஊற்று இன்றும் சுரக்கின்றது.