தேங்காயை நிப்பாட்டணுமா? பேராதனையில் கிடைத்த பதில்

 

போன கிழமை ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு. ஒருவர் போனில் வந்த செய்தியைக் காட்டி, "தேங்காய் எண்ணெயில கொலஸ்ட்ரோலே இல்ல சேர், தைரியமா சாப்பிடலாம்" என்றார். தோட்டத்திலிருந்து வரும் டீச்சர் ஒருவர், "எங்க அப்பாட ரிப்போர்ட் வந்த அன்னைக்கே வீட்டில தேங்காயை அடியோட நிப்பாட்டிட்டோம். மனுஷன் இப்ப சரியா சாப்பிடுறதே இல்ல" என்றார். அன்று இருவருக்கும் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. குருநாகல், சிலாபம், புத்தளம் பக்கம்தான் தென்னை நாடு. ஊவா மேட்டின் குளிரில் தென்னை செழிக்காது. 1924இல் ரயில் பதுளைக்கு வந்த பிறகு கீழ்நாட்டுச் சரக்கு ஏறிவருவது இலேசானது. ஆனாலும் தோட்டத்து லயத்திலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, தேங்காய் எண்ணிச் செலவழிக்கும் பொருள்தான். என் உம்மும்மா ஒரு தேங்காயை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வார். ஒரு மூடி இன்றைக்கு, மற்றது நாளைக்கு. எண்ணெயில் பொரிப்பது பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும்தான். இன்று ரோல்ஸும் வடையும் அன்றாடத் தீனி.

2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் நச்சு இருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பாம் ஒயில் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்வி அப்போது வீட்டுக்கு வீடு எழுந்தது.

"கொலஸ்ட்ரோல் இல்லை" என்பது உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரிக்கிறது. எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து அள்ளி எடுப்பது ஈரல். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அந்த வேலை மந்தமாகிறது. தேங்காய் எண்ணெயில் இந்தக் கொழுப்பு சுமார் 90 வீதம், பாம் ஒயிலில் ஏறக்குறைய பாதி, நல்லெண்ணெயில் சுமார் 15 வீதம்.

இதை நம் நாட்டவரின் இரத்தத்திலேயே சோதித்துப் பார்த்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சாந்தி மென்டிஸ். 1989இல் வெளியான அவரது ஆய்வில், இளைஞர்களின் உணவில் தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டுச் சோள எண்ணெய் கொடுத்தார்கள். எல்.டி.எல். சுமார் 24 வீதம் குறைந்தது. ஆனால் நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல்.லும் சுமார் 41 வீதம் விழுந்துவிட்டது!

2001இல் வெளியான அடுத்த ஆய்வில் வேறு வழி பார்த்தார்கள். முதற்கட்டமாக 8 வாரம் தேங்காய்க் கொழுப்பைச் சுமார் பாதியாகக் குறைத்தார்கள். எல்.டி.எல். ஏறத்தாழ 11 வீதம் இறங்கியது. எச்.டி.எல். குறிப்பிடும்படி மாறவில்லை. டீச்சருக்கான பதில் இதுதான்: தேங்காயைப் பாதியாக்கியதற்கே பலன் இருந்தது.

போன் செய்திக்காரருக்கும் பதில் உண்டு. 2020இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி கூட்டுகிறது, எச்.டி.எல்.லையும் சுமார் 4 புள்ளி கூட்டுகிறது. உடல் எடையிலோ இடுப்புச் சுற்றளவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே "தேங்காய் எண்ணெய் குடித்தால் தொப்பை கரையும்" என்று வரும் வீடியோக்களை நம்ப வேண்டாம். எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. மிஞ்சியது உடம்பில் கொழுப்பாகத்தான் சேரும்.

அந்த டீச்சரிடம் மறுநாள் சொன்னேன்: "அப்பாவுக்குச் சம்பல் கொஞ்சம் வைங்க. கறிக்குப் பாலைக் குறைங்க, பொரியலை நிப்பாட்டுங்க. கிளினிக்கில தந்த மருந்தை மட்டும் டொக்டரைக் கேட்காம நிப்பாட்ட வேணாம்."

அவர் சிரித்தார். "அப்ப ஒரு தேங்காய் ரெண்டு நாளைக்கா சேர்?"

ஆமாம். உம்மும்மா அதைச் சிக்கனத்துக்காகச் செய்தார். நாம் நெஞ்சுக்காகச் செய்வோம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு தேங்காயை எத்தனை நாள் வைத்தார்கள்? கீழே எழுதுங்கள்.