முதல் பெண் என்ற ஒற்றை வரி

1998 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸின் முதல் சுற்றில், கோயம்புத்தூரில் பிறந்த 21 வயது நிருபமா வைத்தியநாதன் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பெருந்தொடர்களின் கதவு திறந்த 1968க்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அடுத்த சுற்றில் தோற்றார். பொது அறிவுப் புத்தகங்களுக்கு இந்த ஒரு வரி போதும். நமக்குப் போதாது.

‘முதல் பெண்’ என்று எழுதும்போதே அவருக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் மறைந்துபோகிறார்கள். 1934இலேயே விம்பிள்டனில் லீலா ராவ் ஓர் ஆட்டத்தை வென்றிருக்கிறார். அவருடைய தாய் பண்டிதா க்ஷமா ராவ், காந்தியின் போராட்டத்தைச் ‘சத்தியாக்கிரக கீதை’ என்று சமஸ்கிருதத்தில் காவியமாக்கியவர். அவரும் டென்னிஸ் ஆடியவர். எழுத்தும் ஆட்டமும் ஒரே வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கின்றன. அந்த வெற்றிக்கும் மெல்போர்ன் வெற்றிக்கும் நடுவே 64 ஆண்டுகள். அவ்வளவு காலமும் இந்தியப் பெண்களுக்கு ஆடத் தெரியாமலா இருந்தது? இடைவெளிக்குக் காரணத்தைத் திறமையில் தேடினால் கிடைக்காது. செலவுக் கணக்கில் தேட வேண்டும்.

தொழில்முறை டென்னிஸ் தரவரிசையால் நடப்பது. வாரந்தோறும் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் ஆடினால்தான் புள்ளிகள் சேரும். கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஆடுவோர் 128 பேர். அவர்களில் தரவரிசைப்படி நேராக நுழைவோர் நூறுக்குச் சற்று மேல். மற்றவர்களில் பெரும்பாலோர் தகுதிச் சுற்றில் வென்றுதான் வர வேண்டும். நிருபமாவின் மிக உயர்ந்த தரவரிசை, 1997இல் எட்டிய 134. உலகத்தில் 134ஆவது இடம் என்பது எந்தத் தொழிலிலும் பெரிய இடம். டென்னிஸில் அது கோட்டுக்கு வெளியே நிற்கும் இடம். சிறிய தொடர்களின் பரிசுப் பணம் விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்குமே போதாது. கூடவே பயணம் செய்யப் பயிற்சியாளர் வேண்டுமென்றால் விளம்பரதாரர் வேண்டும்.

பெரிய தொடர்களிலும் பெண்ணின் ஆட்டத்துக்கு விலை குறைவாகவே இருந்தது. 1970இல் ஹூஸ்டனில் பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனித் தொடரைத் தொடங்கினார்கள். 1973இல் அமெரிக்க ஓப்பன் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கொடுத்தது. விம்பிள்டன் அதற்கு இணங்க 2007 ஆயிற்று. ஆஸ்திரேலிய ஓப்பனில் சமப் பரிசு நிலைத்தது 2001இல்தான். நிருபமா வென்றது அதற்கு மூன்றாண்டுகள் முன்பு.

நிருபமாவின் தந்தை ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக ஆடிய கிரிக்கெட் வீரர். மகளின் கையில் மட்டையைக் கொடுத்துப் பழக்கியவரும் அவரே. லீலாவுக்குத் தாய், நிருபமாவுக்குத் தந்தை. இருவரின் உழைப்பையும் குறைத்துச் சொல்ல இதில் ஏதுமில்லை. ஆனால் குடும்பம் மட்டுமே பயிற்சிக்கூடமாக இருக்கும் நாட்டில், எந்தக் குடும்பத்தில் பிறக்கிறாள் என்பதே முதல் தகுதிச் சுற்று. வர்க்கமும் சாதியும் அங்கேயே ஆட்டத்தை முடித்துவிடுகின்றன.

விருத்தாசலத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இங்குள்ள பீங்கான் கூடங்களில் அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறை நீக்கி வண்ணம் பூசும் கைகளில் பெண்களின் கைகள் நிறைய. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் மாணவிகள் கபடி ஆடுவார்கள், ஓடுவார்கள். அவற்றுக்கு மண்ணும் கால்களும் போதும். மட்டை, பந்து, தளம், பயிற்சியாளர் என்று நீளும் டென்னிஸில் அவர்களுக்குத் திறமை உண்டா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. அளந்து பார்க்கும் வாய்ப்பே வரவில்லை.

மெல்போர்னுக்குப் பிறகும் நிருபமா ஆடினார். அதே 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம். பிறகு திருமணம், அமெரிக்க வாழ்க்கை, பயிற்சியாளர் பணி. மகள் பிறந்த பின்னர், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்காக மறுபடியும் களத்துக்கு வந்தார். பின்னாளில் அவர் பெயர் நிருபமா சஞ்சீவ். ஆவணங்களில் தேடுகிறவர் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். ஆண் வீரர் எவரையும் இப்படித் தேட வேண்டியதில்லை.

2013இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் பெயர் ‘தி மூன்பாலர்’. பந்தை வலைக்கு மேலே மிக உயரமாக, நிதானமாக அனுப்பும் அடிதான் மூன்பால். அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் எதிராளியின் வேகத்தைக் குலைத்து, தான் நிலைகொள்ள அவகாசம் தரும் அடி அது. வசதி குறைந்த இடத்திலிருந்து ஆட வந்தவர்களுக்கு அந்த அடியின் அருமை தெரியும்.

2005இல் சானியா மிர்சா ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்றாம் சுற்றுக்கும், அமெரிக்க ஓப்பனில் நான்காம் சுற்றுக்கும் போனார். ‘முதல்’ என்ற பட்டம் நகர்ந்துகொண்டே போகிறது. களம் அதே வேகத்தில் விரியவில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்களுக்கான உலகத் தொடர் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்தது. அதே ஊரில் பெண்களுக்கான உலகத் தொடர் 2022இல்தான் வந்தது. நிருபமா ஆடிய நாட்களில் சொந்த மாநிலத்தில் அவருக்கு அப்படியொரு மேடை இல்லை. அடுத்த முதல் பெண்ணைக் கொண்டாடக் காத்திருப்பதைவிட, இரண்டாவது, மூன்றாவது, நூறாவது பெண் வருவதற்கான செலவை யார் ஏற்பது என்று கேட்பதே நம் வேலை.